சிப்புக்குள் ஒளிச் சீப்பு: வரவைப்பது எளிது, நிற்கவைப்பதுதான் வேலை

கேள்வி கேட்டவர் முதுகலை இயற்பியல் மாணவர். அவர் எழுதியதைச் சுருக்கினால் இது: "ஒரே ஒரு லேசரை ஒரு சின்னச் சிப்புக்குள் விட்டால் நூற்றுக்கணக்கான அதிர்வெண்கள் சம இடைவெளியில் வரிசை கட்டி வெளியே வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் பாதிக்கு மேல் கட்டுப்பாடு, நிலைநிறுத்தல் என்றே பேசுகிறார்கள். தானாக வருவதை எதற்குக் கட்டுப்படுத்த வேண்டும்? இதை ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா?" சிப்பில் சீப்பு உருவாவதற்கும் அது எதற்காவது பயன்படுவதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் வெப்பம் இருக்கிறது. இந்தத் துறையின் கடந்த இருபது ஆண்டுக் கதையில் பெரும்பகுதி வெப்பத்தோடு போராடிய கதை. நான் சிலிக்கான் நைட்ரைடு வளையங்களில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். அவற்றைப் பற்றிச் சொல்வது நேரில் பார்த்தது. லித்தியம் நியோபேட் என்ற இன்னொரு பொருளைப் பற்றிச் சொல்வது படித்ததும், அதில் வேலை செய்பவர்களிடம் கேட்டதும். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஒளி அதிர்வெண் சீப்பு என்பது சம இடைவெளியில் நிற்கும் ஏராளமான லேசர் கோடுகள். எத்தனை கோடுகள் இருந்தாலும் ஒவ்வொன்றின் அதிர்வெண்ணையும் இரண்டே எண்களை வைத்துச் சொல்லிவிடலாம். ஒன்று, பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி. இன்னொன்று, அந்த வரிசையை அப்படியே பூஜ்யம்வரை நீட்டிக்கொண்டு போனால் கடைசிப் பல் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கும் என்பது. 193 டெராஹெர்ட்ஸில் அதிரும் ஒளியை எந்த மின்சுற்றாலும் நேராக எண்ண முடியாது. ஆனால் இந்த இரண்டு எண்களும் மின்சுற்றுகள் எண்ணக்கூடிய அளவில் இருக்கும். அவை தெரிந்தால் ஒளியின் அதிர்வெண்ணும் தெரிந்துவிடும். 2005ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பாதியை ஜான் ஹாலும் தியோடர் ஹென்ஷும் பகிர்ந்துகொண்டதற்கு இந்த உத்தியும் ஒரு காரணம். அவர்கள் காலத்துச் சீப்பு டைட்டானியம் சஃபையர் லேசரிலிருந்து வந்தது. துல்லியம் அபாரம். ஆனால் ஒரு ஆப்டிகல் டேபிளில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அருகில் ஆள் வேண்டும்.

அதைச் சிப்புக்குள் கொண்டுவரலாம் என்று காட்டியது 2007இல். ஜெர்மனியில் கார்ஷிங் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் டோபியாஸ் கிப்பன்பெர்க்கின் குழு, சிப்பின் மேல் செய்த சிலிக்கா வளையம் ஒன்றுக்குள் ஒரே ஒரு லேசரைச் செலுத்திச் சீப்பை எடுத்தது. அந்த லேசரில் துடிப்பு எதுவும் கிடையாது, தொடர்ந்து எரியும் சாதாரண லேசர். வளையத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நல்ல நைட்ரைடு வளையத்தின் தரக்காரணி, அதாவது க்யூ மதிப்பு, ஒரு கோடி என்று வையுங்கள். உள்ளே நுழைந்த ஒளி சராசரியாக எட்டு நானோவினாடி சுற்றும். அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வளையத்தின் சுற்றளவோ ஒன்றரை மில்லிமீட்டர்தான். இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்வதால், வெளியே நீங்கள் கொடுப்பது 100 மில்லிவாட் என்றால் உள்ளே சுற்றுவது 100 வாட்டைத் தாண்டும். அதுவும் ஒரு மைக்ரான் உயரம்கூட இல்லாத, ஒன்றரை மைக்ரான் அகலமுள்ள பாதையில். அவ்வளவு செறிவில் பொருளின் ஒளிவிலகல் எண்ணே ஒளியின் திறனுக்கு ஏற்ப மாறும். இதுதான் கெர் விளைவு. நாம் செலுத்தும் லேசரின், அதாவது பம்ப் லேசரின், இரண்டு ஃபோட்டான்கள் மறைந்து, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு புதிய ஃபோட்டான்கள் பிறக்கின்றன. அவை மறுபடி கலந்து அடுத்த பற்களைப் பிறப்பிக்கின்றன. பல்லின் இடைவெளியை வளையத்தின் சுற்றளவு தீர்மானிக்கிறது: ஆரம் 23 மைக்ரான் என்றால் சுமார் 1 டெராஹெர்ட்ஸ், கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 100 கிகாஹெர்ட்ஸ், ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் 20 கிகாஹெர்ட்ஸ்.

ஏன் சிலிக்கானில் செய்யவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். கெர் விளைவு சிலிக்கானில் நைட்ரைடைவிட அதிகம்தான். ஆனால் 1550 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு சேர்ந்தால் 1.6, சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியோ 1.12தான். ஆக, திறனைக் கூட்டக் கூட்ட சிலிக்கானே ஒளியை இரண்டிரண்டாக விழுங்க ஆரம்பிக்கும். நைட்ரைடின் இடைவெளி 5 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை; சிலிக்காவைவிடப் பத்து மடங்கு கெர் விளைவும் உண்டு; மின்சுற்றுச் சிப் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் பழகிய பொருளும்கூட. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகல் லிப்சனும் அலெக்சாண்டர் கெய்டாவும் 2010இல் நைட்ரைடு வளையத்தில் பல அலைநீளங்களை எடுத்துக் காட்டியபிறகு துறையின் பெரும்பகுதி அந்தப் பக்கம் திரும்பியது.

செய்முறையில் ஒரு சிக்கல் உண்டு, இதை வீடியோக்களில் சொல்ல மாட்டார்கள். நல்ல சீப்புக்கு வளையத்துக்குள் ஒற்றை ஒளித்துடிப்பு ஒன்று சுற்ற வேண்டும், ஏன் என்பது பின்னால் வரும். அது நிலைக்க வேண்டுமென்றால், கெர் விளைவு துடிப்பைக் கலைக்கும் திசைக்கு எதிர்த் திசையில் வளையத்தின் டிஸ்பர்ஷன், அதாவது வெவ்வேறு அதிர்வெண்கள் வெவ்வேறு வேகத்தில் போகும் தன்மை, இருக்க வேண்டும். நைட்ரைடில் அதற்குப் படலம் 700 அல்லது 800 நானோமீட்டர் தடிமன் தேவை. ஆனால் 400ஐத் தாண்டும்போதே படலத்தின் உள்ளிழுவிசை அதைக் கீறிவிடும். வேஃபரின் ஓரத்தில் புறப்படும் விரிசல் நேராக உங்கள் நல்ல வளையத்தின் ஊடாகத்தான் போகும். இதற்குச் சிலர் படலத்தைச் சுற்றிப் பள்ளம் கீறி விரிசலை அங்கேயே நிறுத்துகிறார்கள். லோசானில் உள்ள சுவிஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், அதாவது இபிஎஃப்எல்லில், முதலில் சிலிக்காவில் பள்ளம் வெட்டி, அதில் நைட்ரைடை நிரப்பி, மேலே வழிந்ததைத் தேய்த்து எடுக்கும் முறையை வளர்த்தார்கள். அப்புறம் 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் நீண்ட நேரம் சூடுபடுத்தி உள்ளே ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனை விரட்ட வேண்டும். நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு சரியாக 1520 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும். உறிஞ்சிய ஒளி அங்கேயே சூடாக மாறும். 2021இல் அந்தக் குழு வேஃபர் முழுக்க மீட்டருக்கு 1 டெசிபெல் அளவு இழப்பையும் 3 கோடிக்கு மேற்பட்ட க்யூவையும் காட்டியது. சீப்பு தொடங்கத் தேவைப்படும் திறன் க்யூவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், இழப்பைப் பாதியாக்கினால் தேவையான திறன் நாலில் ஒன்றாகிவிடும். இந்தத் துறையில் நடந்த முன்னேற்றத்தில் பாதி, சுவரைக் கொஞ்சம் வழவழப்பாக்கியதால் வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, வளையம் நல்லதாக அமைந்துவிட்டது, லேசரைச் செலுத்தினோம், ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பற்கள் தெரிகின்றன. வேலை முடிந்ததா? 2007க்கும் 2014க்கும் நடுவில் பலரும் சிக்கிக்கொண்ட இடம் இதுதான். பல் தெரிவது வேறு, அந்தப் பற்கள் ஒன்றோடொன்று கட்டம் (phase) பிசகாமல் நிற்பது வேறு. அனலைசர் மெதுவாகச் சராசரி எடுத்துக் காட்டுவதால் இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். இரைச்சல் நிறைந்த சீப்பில் பற்களின் உயரம் ஏறுமாறாக இருக்கும். வெளிவரும் ஒளியை ஒரு ஃபோட்டோடிடெக்டரில் விட்டு ரேடியோ ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால் அடிமட்டம் முழுக்கப் பொங்கி நிற்கும். அந்த நிலையில் அதைத் தகவல்தொடர்புக்கோ அளவீட்டுக்கோ பயன்படுத்த முடியாது. நல்ல நிலையில் உள்ளே ஒரே ஒரு குறுந்துடிப்பு, பல பத்து ஃபெம்டோவினாடி அகலத்தில், வடிவம் மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் சாலிட்டான். அப்போது பற்களின் முனைகளைச் சேர்த்தால் வழவழப்பான ஒரு மணி வடிவம் கிடைக்கும், ரேடியோ இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். இந்த நிலை இருக்க முடியும் என்பதற்கான சமன்பாட்டை லூஜியாடோவும் லெஃபெவரும் 1987இலேயே வேறொரு சூழலில் எழுதிவிட்டார்கள். நுண்வளையத்தில் அதைக் கண்ணால் காட்டியது 2014இல் கிப்பன்பெர்க்கின் குழு, மெக்னீசியம் ஃப்ளூரைடு படிகத்தில். நைட்ரைடு சிப்பில் 2016இல்.

இப்போது வெப்பத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான நேரடிப் பதில் இந்தப் பத்தியிலும் அடுத்ததிலும் இருக்கிறது. வளையம் ஒளியை உள்ளே ஏற்றுக்கொள்ளும் அதிர்வெண்ணைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். க்யூ ஒரு கோடி என்றால் அதன் அகலம் சுமார் 19 மெகாஹெர்ட்ஸ். நைட்ரைடு வளையம் ஒரு டிகிரி சூடானால் அந்த ஒத்ததிர்வு கிட்டத்தட்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் கீழே நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறில் ஒரு பங்கு டிகிரி மாறினாலே ஒத்ததிர்வு தன் அகலத்தைவிட அதிகமாக நகர்ந்துவிடுகிறது. இந்தச் சூடு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, நீங்கள் செலுத்தும் ஒளியே தருகிறது. லேசரின் அலைநீளத்தைக் குறைவிலிருந்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்தால், ஒளி உள்ளே நுழைய நுழைய வளையம் சூடாகி, ஒத்ததிர்வு லேசருக்கு முன்னால் விலகிக்கொண்டே போகும். ஆசிலோஸ்கோப்பில் ஒடுக்கமான பள்ளமாகத் தெரிய வேண்டியது ஒரு பக்கம் சரிந்த முக்கோணமாக நீளும். இதுவரை நல்லதே, ஏனென்றால் இந்தப் பக்கம் தானாகவே நிலைத்திருக்கும். கேமராவில் பார்த்தால் அகச்சிவப்பு லேசர் செலுத்திய வளையம் பச்சையாக ஒளிரும். மும்மடங்கு அதிர்வெண் 517 நானோமீட்டரில் வருவதால். புதிதாக வருபவர்கள் எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடிக்கும் கட்டம் இது.

ஆனால் சாலிட்டான் இருப்பது முக்கோணத்தின் மறுபக்கத்தில், லேசர் ஒத்ததிர்வைத் தாண்டிய இடத்தில். அங்கே தாண்டும் கணத்தில் உள்ளே சுற்றிய திறனில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது, ஏனென்றால் ஒற்றைத் துடிப்பு சுமக்கும் சராசரித் திறன் மிகக் குறைவு. வளையம் மைக்ரோவினாடிகளில் குளிர்கிறது. வடம் இழுக்கும்போது எதிரணி திடீரென்று கையை விட்டதுபோல ஒத்ததிர்வு வேகமாகத் திரும்பி ஓடுகிறது, லேசர் தனியாக நிற்கிறது, சாலிட்டான் செத்துப்போகிறது. ஸ்கோப்பில் முக்கோணத்தின் முனைக்கு அப்பால் ஒரு குட்டிப் படி மட்டும் தெரியும். படி இருந்தால் சாலிட்டான் இருந்தது என்று அர்த்தம். படி எவ்வளவு நீளம் என்பதில்தான் உங்கள் முழு வாழ்க்கையும் இருக்கிறது. நல்ல சிப்பில் அது நீளம், உறிஞ்சல் அதிகமுள்ள சிப்பில் கண்ணுக்கே தெரியாது. அதனால் புதிய சிப் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது சீப்பை அல்ல, அந்தப் படியை.

அந்தப் படியின் மேல் நிற்பதற்குக் கண்டுபிடித்த உத்திகள்தான் நீங்கள் கட்டுரைகளில் பார்த்த கட்டுப்பாடு. வளையம் குளிர்வதற்குள் லேசரை விரைவாகத் தாண்டவைத்து நிறுத்துவது ஒரு வழி; அல்லது பம்ப் திறனை ஒரு கணம் குறைத்து உடனே ஏற்றுவது. லேசரை நகர்த்துவதற்குப் பதில் வளையத்தின் மேல் போட்ட சின்ன உலோக ஹீட்டரின் மின்னோட்டத்தைக் குறைத்து வளையத்தையே லேசரை நோக்கி நகர்த்துவது இன்னொன்று. கெய்டா, லிப்சன் குழுக்கள் 2016இல் காட்டியது. விலை உயர்ந்த ட்யூனபிள் லேசர் இல்லாமல் வேலை நடப்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்றாவது வழி, இரண்டாவது லேசர் ஒன்றை வேறொரு ஒத்ததிர்வின் சரிவில் நிறுத்திவைப்பது. பம்ப் திறன் விழுந்து வளையம் குளிரும்போது அந்த இரண்டாவது லேசர் தானாக இன்னும் உள்ளே நுழைந்து சூட்டை ஈடுகட்டும். இதற்கு நேரமும் வேகமும் தேவையில்லை, கையாலேயே மெதுவாகத் திருப்பிச் சாலிட்டானுக்குள் போகலாம். இப்படி உள்ளே போனால் சில சமயம் ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு சாலிட்டான்கள் சுற்றும், ஸ்பெக்ட்ரம் மேடு பள்ளமாக இருக்கும். லேசரைப் பின்னோக்கி மெல்ல நகர்த்தினால் அவை ஒவ்வொன்றாக விழுந்து கடைசியில் ஒன்று மிஞ்சும் என்பதை 2017இல் காட்டினார்கள். திரையில் அந்தப் படிகள் ஒன்று ஒன்றாக இறங்குவதைப் பார்ப்பது இந்த வேலையின் சின்னச் சின்ன சந்தோஷங்களில் ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய திருப்பம் தன்னூட்டப் பூட்டு. வளையத்தின் சுவரில் உள்ள நுண்ணிய சொரசொரப்பு கொஞ்சம் ஒளியைப் பின்னோக்கிச் சிதறடிக்கும். வழக்கமாக லேசருக்கும் சிப்புக்கும் நடுவில் ஐசொலேட்டர் வைத்து அதைத் தடுப்போம். அதை எடுத்துவிட்டு, சாதாரண டயோடு லேசரை நேராகச் சிப்பின் ஓரத்தில் முட்டவைத்தால், திரும்பி வரும் ஒளி லேசரைப் பிடித்து வளையத்தின் ஒத்ததிர்வோடு பூட்டிவிடும். லேசரின் கோட்டு அகலமும் பல மடங்கு சுருங்கும். மாஸ்கோவில் மிகயில் கொரோதெத்ஸ்கியின் குழு 2018இல் இதைப் படிக வளையத்தில் செய்து சாலிட்டானே எடுத்துக் காட்டியது. அதே ஆண்டு லிப்சன், கெய்டா குழுக்கள் 98 மில்லிவாட் மின்திறனில், சாதாரணச் சிறு பேட்டரியில் ஓடும் சீப்பைக் காட்டின. 2020இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பவர்ஸ், கால்டெக் பல்கலைக்கழகத்தின் கெரி வஹாலா, கிப்பன்பெர்க் மூவரின் குழுக்களும் சேர்ந்து, ஸ்விட்சைப் போட்டால் சாலிட்டான் தானாக வந்து நிற்கும் அமைப்பைக் கொண்டுவந்தன. லேசரை வேகமாக நகர்த்தவும் வேண்டாம், கட்டுப்பாட்டுச் சுற்றும் வேண்டாம். திரும்பி வரும் ஒளியின் கட்டம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அந்தக் கட்டம் லேசருக்கும் சிப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பொறுத்தது. அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு நகர்ந்தாலும் கதை மாறும். அதனால்தான் 2021இல் லேசரையும் வளையத்தையும் ஒரே வேஃபரில் செய்து, நடுவில் கட்டத்தைத் திருத்த ஒரு ஹீட்டரையும் போட்டார்கள். தானாக வருவதை எதற்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா, இன்றைய நிலையில் லேசரைக் காட்டினாலே போதும் என்று சொல்ல முடிகிறது. அந்தப் "போதும்" வர 2007இலிருந்து பதின்மூன்று வருடம் ஆனது.

சாலிட்டான் நின்றபிறகு இன்னொரு கட்டுப்பாடு பாக்கி இருக்கிறது: முதலில் சொன்ன அந்த இரண்டு எண்கள். இங்கே வசதி ஒன்று, பம்ப் லேசரே சீப்பின் ஒரு பல். அதைப் பூட்டினால் ஒரு பல்லைப் பூட்டியாயிற்று. மிச்சம் இடைவெளி. பம்ப் திறன், லேசர் ஒத்ததிர்விலிருந்து விலகிய அளவு, ஹீட்டர், இவை எதைத் தொட்டாலும் இடைவெளி மாறும். தொல்லை என்னவென்றால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே மாறும். ஹீட்டர் மெதுவானது. அதைவிடப் பல மடங்கு வேகம் வேண்டுமென்று 2020இல் அலுமினியம் நைட்ரைடு பீசோவை, அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் படலத்தை, வளையத்தின் மேலேயே படியவைத்தார்கள். ஆனால் அடிப்படையான ஒரு எல்லையை எந்தச் சுற்றும் முழுசாக அழிக்காது: இவ்வளவு சின்னக் கனஅளவில் வெப்பநிலை தானாகவே நடுங்கிக்கொண்டிருக்கும், அந்த நடுக்கம் அதிர்வெண்ணில் இரைச்சலாகத் தெரியும். வளையம் பெரிதானால் அது குறையும், ஆனால் பெரிய வளையத்துக்குத் திறன் அதிகம் வேண்டும்.

முழு அளவீட்டுச் சீப்பு வேண்டுமென்றால், கீழ்க்கோடியில் ஒரு பல்லின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி, மேல்கோடியில் அதே இரட்டிப்பு இடத்திலிருக்கும் பல்லோடு ஒப்பிட வேண்டும். அதற்குச் சீப்பின் அகலம் ஒரு முழு இரட்டிப்பை எட்ட வேண்டும். சின்ன வளையத்தில் 1 டெராஹெர்ட்ஸ் இடைவெளியில் அது கிடைக்கும், ஆனால் 1 டெராஹெர்ட்ஸை நேராக எண்ண ஃபோட்டோடிடெக்டர் கிடையாது. 2018இல் அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட், சாண்டா பார்பரா, கால்டெக், இபிஎஃப்எல் முதலியவை சேர்ந்து செய்த ஒளி அதிர்வெண் சிந்தசைசரில் இதற்குக் கண்ட வழி, இரண்டு சீப்புகள்: அகலமான 1 டெராஹெர்ட்ஸ் நைட்ரைடுச் சீப்பின் இடைவெளியை 22 கிகாஹெர்ட்ஸ் சிலிக்காச் சீப்பு நிரப்பி எண்ணக்கூடியதாக்கியது. அற்புதமான வேலை. அதைச் சுற்றி நின்ற துணைக் கருவிகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் "சிப்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்துவார்கள்.

பலர் விட்டுவிடும் இன்னொன்று, பல்லின் திறன். 100 கிகாஹெர்ட்ஸ் வளையத்தில் ஒரு சுற்றுக்கு 10 பிகோவினாடி. துடிப்போ 50 ஃபெம்டோவினாடி. சுற்றில் இருநூறில் ஒரு பங்கு நேரமே துடிப்பு பம்ப் ஒளியிலிருந்து ஆற்றல் எடுக்கிறது. மிச்சமெல்லாம் பயன்படாமல் வெளியே போகும். அதனால் ஒற்றைச் சாலிட்டான் சீப்பின் மாற்றுத்திறன், அதாவது பம்ப் திறனில் பற்களாக மாறும் பங்கு, சில சதவீதம்தான். 100 மில்லிவாட் கொடுத்து 2 சதவீதம் கிடைத்தால், 100 பற்களுக்குப் பங்கிட்டால் ஒரு பல்லுக்கு 20 மைக்ரோவாட். தகவல்தொடர்புக்கு இதைப் பெருக்கியே ஆக வேண்டும், பெருக்கினால் இரைச்சலும் சேரும். வழி இல்லாமல் இல்லை. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வைனரின் குழு 2015இல் காட்டிய இருள் துடிப்புகளில், அதாவது தொடர் ஒளிக்கு நடுவே ஒரு பள்ளமாகச் சுற்றும் துடிப்புகளில், மாற்றுத்திறன் இதைவிட வெகுவாக அதிகம். ஸ்வீடனின் சால்மர்ஸ் குழு இரண்டு வளையங்களை இணைத்து 2023இல் 50 சதவீதத்தைத் தாண்டியது. தொழில்துறையில் எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், அழகான ஒற்றைச் சாலிட்டானைவிட இந்த இரண்டில் ஒன்றின் மேல்தான் கட்டுவேன். இது என் கணிப்பு மட்டுமே.

வெப்பச் சண்டையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையும் உண்டு. லித்தியம் நியோபேட் வளையத்தில் மைக்ரோவேவ் சமிக்ஞை கொடுத்து ஒளியை நேரடியாக மாடுலேட் செய்தால், கெர் விளைவே தேவையில்லாமல் பற்கள் எழும். ஹார்வர்டில் மார்கோ லொன்சாரின் குழு 2019இல் 10 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 900க்கும் மேற்பட்ட பற்களை இப்படி எடுத்தது. இடைவெளியை மைக்ரோவேவ் கருவியே நிர்ணயிப்பதால் பூட்டும் வேலை மிச்சம். ஆனால் அந்தக் கருவியின் இரைச்சல் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகப் பெருகும். அதே பொருளில் கெர் சாலிட்டானையும் எடுக்கலாம். அங்கே ஒளியால் வரும் இன்னொரு விளைவு, வெப்பம் ஒளிவிலகல் எண்ணை நகர்த்தும் திசைக்கு எதிர்த் திசையில் நகர்த்துகிறது. அதனால் சாலிட்டான் தானாகத் தொடங்குவதை ராச்செஸ்டர் குழு 2019இல் காட்டியது. நாங்கள் நைட்ரைடில் தலையால் தண்ணீர் குடித்ததைப் படிகமே செய்துகொடுக்கிறது என்று கேட்டபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பயன்பாட்டில் எது உறுதி, எது இன்னும் பேச்சு? ஆய்வகத்தில் நிரூபணமானவை நிறைய. 2017இல் கார்ல்ஸ்ரூஹ, இபிஎஃப்எல் குழுக்கள் 179 அலைநீளங்களில் 75 கிலோமீட்டர் ஃபைபரில் விநாடிக்கு 50 டெராபிட்டுக்கு மேல் அனுப்பின. 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தலைமையில் ஒரே வளையத்திலிருந்து எடுத்த 223 அலைநீளங்களை 37 உள்ளகங்கள் கொண்ட ஃபைபரில் விட்டு விநாடிக்கு 1.84 பெட்டாபிட்டை 7.9 கிலோமீட்டர் கடத்தினார்கள். "ஒரு சிப் முழு இணையத்தையும் சுமந்தது" என்று செய்தி வந்தது இதற்குத்தான். சிப் சுமந்தது வெறும் அலைநீளங்களை. அவற்றில் தகவலை ஏற்றிய மாடுலேட்டர்கள், பெருக்கிகள், மறுமுனையில் பிரித்தெடுத்த கணக்கு எல்லாம் வெளியே இருந்த கருவிகள். வானியலில் எனக்கு நம்பிக்கை அதிகம். நிறமாலைமானிக்கு 20 கிகாஹெர்ட்ஸ் போன்ற அகன்ற இடைவெளிதான் தேவை, அது நுண்வளையத்துக்கு இயல்பு. ஹவாயின் கெக் தொலைநோக்கியிலும் லா பால்மா தீவிலும் 2019இலேயே சோதித்துவிட்டார்கள். டேட்டா சென்டர்களில் சீப்பு வருமா என்பது இன்னும் திறந்த கேள்வி. அங்கே எட்டு அல்லது பதினாறு தனித்தனி லேசர்களை வரிசையாக வைத்தே வேலையை முடிக்கலாம். சீப்பு அதோடு விலையிலும், அறை வெப்பநிலை ஏறி இறங்கும்போது விழாமல் நிற்பதிலும் போட்டிபோட வேண்டும்.

ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எடுக்கலாம், ஆனால் சிப்பிலிருந்து தொடங்காதீர்கள். நல்ல நைட்ரைடு வளையங்களைப் பல பயனாளர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வேஃபர் ஓட்டங்களில் வாங்கலாம் என்றாலும், கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதற்குமுன் லூஜியாடோ-லெஃபெவர் சமன்பாட்டைப் பைத்தானில் எழுதுங்கள். ஃபூரியே மாற்றத்தை வைத்துப் படிப்படியாக நகர்த்தும் முறையில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். லேசரை மெதுவாக நகர்த்தினால் இரைச்சல், பிறகு படி, பிறகு சாலிட்டான் என்று எல்லாம் அழகாக வரும், எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் வரும். அப்புறம் அதே நிரலில் வளையத்தின் வெப்பநிலைக்கு ஒரே ஒரு வரி சேருங்கள்: உள்ளே சுற்றும் சராசரித் திறனுக்கு ஏற்பச் சூடு ஏறும், சில மைக்ரோவினாடிகளில் தணியும், அதற்கேற்ப ஒத்ததிர்வு நகரும். முன்பு வந்த சாலிட்டான் இப்போது வராது. அதை வரவைக்க லேசரை எவ்வளவு வேகமாக நகர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், உறிஞ்சலைப் பாதியாக்கினால் படி எவ்வளவு நீளும், இரண்டாவது லேசர் ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று தேடுங்கள். முதுகலை ப்ராஜெக்ட்டுக்கு அதுவே தாராளம். சிப் வந்து சேரும் நாளில் ஸ்கோப்பில் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். லென்ஸ் முனை ஃபைபர் மட்டும் கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள், முதல் வாரத்திலேயே ஒன்று சிப்பின் ஓரத்தில் இடித்து உடையும்.